ஓசிக்குப் போன நாவல்

சின்னவள் தன் முதல் நாவலுக்கு வைத்த விலை, பேர்போன எழுத்தாளர்கள் தங்கள் நாவலுக்கு வைக்கிற அதே விலை. அவர்கள் விற்பதும் எழுத்து, நான் விற்பதும் எழுத்து, இதில் ஏன் குறைத்துக்கொள்ள வேண்டும் என்பது அவள் எண்ணம். வாசகர்களின் எண்ணம் வேறாக இருந்தது. அவர்கள் பேர்போனவர்களை வாங்கினார்கள். இவள் பக்கம் வந்து, அட்டையைப் பார்த்து, விலையைப் பார்த்து, போய்விட்டார்கள்.

வீட்டில் இரண்டு பெண்களில் இளையவள் என்பதால் சின்னவள். நாற்பதைத் தாண்டி, காதோரம் நரைத்த பிறகும் அந்தப் பெயர் அவளை விடவில்லை. பகலெல்லாம் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களின் முகத்தை அளப்பாள். பிரேமின் காலைச் சூடுகாட்டி வளைத்துக் காதுக்குப் பின்னால் உட்கார வைப்பாள். மூக்கில் அழுந்துகிறது என்றால் தளர்த்திக் கொடுப்பாள். "கீழே பாருங்க, நிமிர்ந்து பாருங்க, இப்போ எப்படி இருக்கு?" என்று ஒரு நாளைக்குப் பலமுறை கேட்பாள். எழுத்து விடிகாலையில், சமையலறை மேசையில். அப்படியே மூன்று நாவல் எழுதி முடித்துவிட்டாள். பதிப்பாளர்கள் இரண்டு பேர் "நல்லாத்தான் இருக்கு, ஆனா..." என்று இழுத்த பிறகு, மூன்றையும் மின்னூலாக்கித் தானே ஒரு தளத்தில் ஏற்றினாள்.

கணவர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் சொல்லிக்கொடுப்பவர். மாணவர்கள் 'மாஸ்டர், மாஸ்டர்' என்று கூப்பிட்டு, வீட்டிலும் அதுவே நிலைத்துவிட்டது. விற்பனை நிலவரம் காட்டும் பக்கத்தை மனைவி தினமும் திறந்து பார்ப்பதையும், பார்த்துவிட்டுப் பாத்திரங்களைச் சற்று அழுத்தித் தேய்ப்பதையும் அவர் கவனித்துக்கொண்டே இருந்தார்.

"விலையைக் குறைச்சுப் பாரேன்" என்றார் ஒருநாள்.

"குறைச்சா மட்டமான சரக்குன்னு நெனச்சுக்குவாங்க."

"இப்போ நல்ல சரக்குன்னு யாரு நெனச்சுட்டு இருக்காங்க?"

அவளுக்குக் கோபம் வந்தது.

அவளைப் போலவே தானே நூல் வெளியிடுகிறவர்கள் கூடிப் பேசும் இணையக் குழு ஒன்று இருந்தது. அதில் ஆளுக்கொரு யோசனை. பெயர் தெரியாதவர் அதிக விலை வைத்தால் யாரும் தொட மாட்டார்கள் என்றார் ஒருவர். குறைந்த விலை வைத்தால் வாங்குவார்கள், படிக்க மாட்டார்கள் என்றார் இன்னொருவர். முதல் நூலைத் தூண்டிலாக வைத்து அடுத்ததில் மீனைப் பிடி என்றார் மூன்றாமவர். சின்னவள் எல்லாவற்றையும் படித்துவிட்டு முதலில் பாதியாகக் குறைத்தாள். இரண்டு பிரதி விற்றது. பிறகு ஒரு டீயின் விலைக்கு இறக்கினாள். இன்னும் கொஞ்சம் விற்றது. வாங்கியவர்களில் ஒருவர் மூன்று நட்சத்திரம் போட்டு ஒரே வரியில் கருத்து எழுதியிருந்தார்: 'இந்த விலைக்குப் பரவாயில்லை.'

அன்று ராத்திரி சாப்பாட்டுத் தட்டின் முன்னால் அவள் அதை நாலு தடவை வாசித்துக் காட்டினாள்.

"நல்லா இருக்குன்னுதானே சொல்றாரு?" என்றார் மாஸ்டர்.

"அழுகின தக்காளியப் பத்திச் சொல்ற மாதிரி சொல்றாரு."

மாஸ்டர் தட்டைத் தள்ளி வைத்தார். "எங்க பள்ளியில முதல் கிளாஸ் இலவசம். எதுக்குத் தெரியுமா? வெளியில நின்னு பாக்கறவனுக்குக் காரு ஒரு பயம். உள்ள உட்கார வச்சு, ஸ்டியரிங்கைக் கையில குடுத்து, ஒரு சுத்து சுத்திட்டு வந்தா, அப்புறம் அவனே பணத்தை எடுத்து நீட்டுவான். நீயும் முதல் புத்தகத்த கொஞ்ச நாளைக்கு ஃப்ரீயா விடு. பிடிச்சவங்க அடுத்த ரெண்டையும் காசு குடுத்து வாங்கட்டும்."

தளத்தில் அதற்கு வசதி இருந்தது. ஐந்து நாள் வரை ஒரு நூலை இலவசமாகக் கொடுக்கலாம். ஆறாம் நாள் பழைய விலை தானாகத் திரும்பிவிடும். சின்னவள் இரண்டு வாரம் தயங்கினாள். தயக்கத்துக்கான காரணத்தை அவள் கணவரிடம்கூடச் சொல்லவில்லை.

அந்த முதல் நாவல், அக்காவின் கதை.

அக்கா சலவைக் கடை வைத்திருக்கிறாள். வெளுத்து, தேய்த்து, பிளாஸ்டிக் உறை மாட்டிக் கொடுக்கிற கடை. அத்தான் வண்டியில் போய் வீடு வீடாகத் துணி எடுத்து வருவார், திருப்பிக் கொடுப்பார். பல வருடங்களுக்கு முன்னால் ஒரு காலையில் துணி கொடுக்கப் போன அத்தான் வீடு திரும்பவில்லை. வண்டியைக் கடைவாசலில் நிறுத்தி, சாவியைக் கல்லாவில் வைத்துவிட்டு, எங்கோ போய்விட்டார். சண்டை இல்லை, கடன் இல்லை, ஒரு சீட்டுகூட எழுதி வைக்கவில்லை. ஒரு வருடத்துக்குக் கொஞ்சம் குறைவான காலம் அவர் இல்லை. சொந்தக்காரர்களிடம் "வெளியூர்ல ஒரு ஒப்பந்த வேலை" என்று அக்கா சொல்லிவைத்தாள். வெளியூரில் படித்துக்கொண்டிருந்த மகனிடமும் அதையேதான் சொன்னாள். பிறகு ஒரு மாலையில் அத்தான் வந்து கதவைத் தட்டினார். அக்கா திறந்தாள். ஏறிட்டுப் பார்த்தாள். "கை கால் கழுவிட்டு வாங்க, சாப்பாடு ஆறிப்போகுது" என்றாள். அவ்வளவுதான். இதை அக்கா தங்கையிடம் மட்டும் சொல்லியிருந்தாள், அதுவும் ஒரே தடவை.

சின்னவள் அதை எழுதினாள். சலவைக் கடையை பேக்கரியாக்கினாள். மகனை மகளாக்கினாள். போனவருக்கு வேறொரு பெண்ணின் தொடர்பைக் கொடுத்தாள். ஆனால் அந்தக் கதவும் அந்த ஒரு வாக்கியமும் அப்படியே இருந்தன. அவற்றுக்காகத்தான் அந்த நாவலையே எழுதினாள். யார் படிக்கப்போகிறார்கள் என்ற தைரியம் ஒரு பக்கம். சொந்தக்காரர்களுக்கோ காசு கொடுத்துப் புத்தகம் வாங்குகிற பழக்கமே கிடையாது. "ஒரு காப்பி குடேன்" என்று கேட்பார்கள். மின்னூல் என்றால் கையில் எடுத்துக் கொடுக்க ஒன்றுமில்லை. "ஓ, அப்படியா" என்று விட்டுவிடுவார்கள். அவள் வைத்த விலை ஒரு வேலியாகவும் இருந்தது.

ஆனாலும் மூன்று நாவல் எழுதி, யாரும் படிக்கவில்லை என்பது அவளை அரித்துக்கொண்டே இருந்தது. ஒரு திங்கட்கிழமை காலை, வேலைக்குக் கிளம்பும் முன், மனதைத் திடப்படுத்திக்கொண்டு இலவசம் என்ற பொத்தானை அழுத்தினாள். முகம் தெரியாதவர்கள் எடுத்துக்கொண்டு போகட்டும்.

எடுத்துக்கொண்டு போனார்கள். மதியத்துக்குள் நூற்றைத் தாண்டியது. மறுநாள் ஆயிரத்தை நெருங்கியது. சின்னவள் ஒரு வாடிக்கையாளருக்குக் கண்ணாடி மாட்டிவிட்டு, "கீழே பாருங்க" என்று சொல்லிவிட்டு, அவர் கீழே பார்த்த இடைவெளியில் போனைப் பார்த்தாள். அத்தனை பேருடைய போனிலும் தன் நாவல் போய் உட்கார்ந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டே அந்த எண்ணை மறுபடியும் பார்த்தாள். வாடிக்கையாளர் இன்னும் குனிந்தே இருந்தார்.

மூன்றாம் நாள் சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு குடும்பக் குழுவைப் பார்த்தாள். மாஸ்டர் அங்கே நாவலின் இணைப்பைப் போட்டிருந்தார். கூடவே, 'நம்ம வீட்டு எழுத்தாளரின் முதல் நாவல்! இன்னும் இரண்டு நாள் மட்டுமே இலவசம்! முந்துங்கள்!' கைதட்டும் மஞ்சள் பொம்மைகள் வரிசையாகப் பதினைந்து.

அவள் வெளியே போய்ப் படிக்கட்டில் நின்று அவரைக் கூப்பிட்டாள்.

"குடும்பக் குழுவுலயா போட்டீங்க?"

"பின்ன? ஊர்ல இருக்கறவனெல்லாம் படிக்கிறான், நம்ம ஆளுங்க படிக்க வேண்டாமா?" பின்னால் யாரோ பதறி பிரேக் போடும் சத்தம். "கிளட்சு, கிளட்சு! ஒரு நிமிஷம் இரு, கிளாஸ்ல இருக்கேன்."

"மொதல்ல அத எடுங்க."

"ஏன், என்ன ஆச்சு?"

என்ன ஆச்சு என்று போனில் எப்படிச் சொல்வது? அவர் எடுத்தார். அதற்குள் பாதிக் குடும்பம் பார்த்துவிட்டது. அவள் இலவசத்தை நிறுத்தி, இருந்ததிலேயே அதிக விலையைத் திருப்பி வைத்தாள். எடுத்தவர்கள் எடுத்ததுதான். ஒருமுறை போனுக்குள் போன நூலை எழுதியவளே வந்து கேட்டாலும் திரும்ப வாங்க முடியாது என்று தளத்தின் விதிமுறையில் தெளிவாக இருந்தது.

குழுவில் வாழ்த்துகள் வந்து குவிந்தன. பெரியப்பா மகன், 'சூப்பர்! இன்னும் படிக்கல, ஆனா சூப்பர்' என்று போட்டார். அக்காவின் மகன் ஒரு கட்டைவிரல் அனுப்பினான். அத்தான், 'வாழ்த்துகள் அம்மா' என்றார். அக்கா ஒன்றும் போடவில்லை.

அக்கா தினமும் கடை மூடும் நேரத்தில் தங்கையைக் கூப்பிடுவாள். பெரிதாக ஒன்றும் இருக்காது. யார் சட்டையில் மை கொட்டிக்கொண்டு வந்தார்கள், முழங்கால் வலி எப்படி, அவ்வளவுதான். அந்த வாரம் கூப்பிட்டாள், ஆனால் இரண்டு வார்த்தை பேசிவிட்டு "சரி, வைக்கிறேன்" என்றாள். அடுத்த வாரம் கூப்பிடவே இல்லை. சின்னவளும் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் கேட்க வேண்டியிருக்கும்.

அதற்கிடையில் அத்தையிடமிருந்து போன் வந்தது. அப்பாவின் கடைசித் தங்கை. கல்யாண மண்டபத்தில் எந்த மூலையில் நின்றாலும் குரல் கேட்கும். அன்றைக்குக் குரலைத் தணித்துப் பேசினார்.

"உன் கதையப் படிச்சேன்டி. ஒண்ணு மட்டும் சொல்லு. உனக்கு யாரு சொன்னா?"

"எதை அத்தை?"

"நடிக்காதே. உங்க மாமா அந்த வருஷம் மூணு மாசம் வீட்டுக்கு வரலையே, அதைத்தான். உங்க அப்பாவுக்கு மட்டுந்தான் தெரியும். அவர்தானே உளறினாரு?"

"அத்தை, இல்ல..."

"பேக்கரின்னு மாத்திட்டா எனக்குத் தெரியாதா? அந்தப் பொண்ணு சாயங்காலம் ஆனா ஜன்னல்கிட்ட போகாம சுத்திச் சுத்தி வர்றா பாரு, அது நான்தான். அப்படியேதான் இருந்தேன்." அத்தை மூக்கை உறிஞ்சினார். "பரவாயில்ல. நல்லா எழுதியிருக்கே. ஆனா யாருகிட்டயும் அது நான்னு சொல்லிடாதே."

"சொல்ல மாட்டேன் அத்தை" என்றாள் சின்னவள். போனை வைத்துவிட்டுச் சமையலறையில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். மாமா மூன்று மாதம் போயிருந்தார் என்பது அவளுக்கு அந்த நிமிடம் வரை தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்காவின் கடைக்குப் போனாள். ஞாயிறன்று கடை மூடியிருக்கும். அக்கா மட்டும் பின்பக்கம் மீதித் துணிகளைத் தேய்த்துக்கொண்டிருப்பாள். உள்ளே நீராவியும் சோப்பும் கலந்த வாசனை. தலைக்கு மேலே கம்பியில் பிளாஸ்டிக் உறைக்குள் கோட்டுகளும் சேலைகளும் தொங்கின. அக்கா அவளைப் பார்த்தாள்; கை நிற்கவில்லை.

"உட்காரு. அந்த ஸ்டூல்ல வேண்டாம், கால் ஆடும்."

சின்னவள் வேறு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டாள். அக்கா ஒரு சட்டையின் இரண்டு கையையும் தேய்த்து முடித்தாள்.

"படிச்சியாக்கா?"

"படிச்சேன். ஷட்டரைப் பாதி இறக்கிட்டு, தெனமும் இங்கயே உட்கார்ந்து. வீட்டுல வச்சுப் படிக்க முடியுமா?" அக்கா சட்டையைத் திருப்பிப் போட்டாள். "பேக்கரியாம். எனக்கு மாவு பிசையவாவது தெரியுமாடி?"

சின்னவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்காவின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள்.

"அதுல அவ கதவைத் திறந்ததும் அழுதுடறா. நான் அழுதேனா?"

"இல்லக்கா."

"பின்ன எதுக்கு அழ வச்சே?"

"அழலைன்னா படிக்கிறவங்க நம்ப மாட்டாங்கன்னு தோணிச்சு."

"நடந்ததையே நம்ப மாட்டாங்களா?" என்றாள் அக்கா. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "என்னைக் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பேன். அதனாலதான் நீ கேட்கல. அதுவும் எனக்குத் தெரியும்."

"தப்புதான்க்கா. மன்னிச்சிடு."

"அது தனி. அத அப்புறம் ஒரு நாள் வச்சுக்கறேன் உன்னை. இப்ப எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லு. ஓசியில ஏண்டி குடுத்தே?"

அந்தக் கேள்வியைச் சின்னவள் எதிர்பார்க்கவில்லை.

"அப்போ நான் எப்படி இருந்தேன்னு உனக்குத் தெரியும். சோறு இறங்காது. ராத்திரி கண்ணு மூடாது. காலையில வந்து இந்தக் கவுன்ட்டர்ல சிரிச்சுக்கிட்டு நிப்பேன். அத எடுத்து, 'முந்துங்கள், இரண்டு நாள் மட்டுமே'ன்னு... உன் வீட்டுக்காரர் கைதட்டற பொம்மை வேற போட்டு அனுப்பியிருக்காரு."

"காசு வச்சா யாரும் வாங்கலக்கா. பாதியா குறைச்சேன். அப்பவும் வாங்கல. டீ விலைக்குக் குடுத்தேன். நான் எழுதினது செத்துப் போய்க் கிடந்துச்சு. ஒரு ஆளாவது படிச்சா போதும்னு இருந்துச்சு எனக்கு. உன் கடைக்கு யாரும் வரலைன்னா நீ என்ன பண்ணுவே?"

"ஓசியில தேய்ச்சுக் குடுக்க மாட்டேன்."

"கடை திறந்த புதுசுல 'முதல் சட்டை இலவசம்'னு நீயே போர்டு வச்சே. நான்தான் எழுதிக் குடுத்தேன்."

அக்கா தேய்த்த சட்டையை எடுத்து ஹேங்கரில் மாட்டி, காலர் பொத்தானைப் போட்டாள்.

"அது சட்டைடி" என்றாள்.

சின்னவள் எழுந்து போய் அவள் பக்கத்தில் நின்றாள். தொட்டால் கோபம் வருமோ என்று தொடவில்லை. அந்த நேரம் பார்த்துப் பின்கதவு திறந்தது. அத்தான், வெறும் ஹேங்கர்களை இரண்டு கையிலும் கொத்தாகப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். இருவர் முகத்தையும் பார்த்துவிட்டுக் கதவருகிலேயே நின்றார்.

"அந்தப் புத்தகமா?" என்றார்.

அக்கா கடைக்குள் தேவையில்லாமல் எதையோ தேடினாள். பெட்டியிலிருந்து நீராவி புஸ்ஸென்று வந்து அடங்கியது.

"நான் அது வந்த புதுசுலயே வாங்கிப் படிச்சுட்டேன்" என்றார் அத்தான். "முழு விலை குடுத்துத்தான்."

அக்கா திரும்பினாள். "எப்போ?"

"ரெண்டு வருஷம் இருக்கும். இவ என்னவோ எழுதறான்னு சொல்லிட்டே இருந்தியே, என்னதான் எழுதறான்னு பாக்கலாம்னு வண்டியில உட்கார்ந்து வாங்கினேன்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"என்னன்னு சொல்றது?" அத்தான் ஹேங்கர்களை ஒவ்வொன்றாகக் கம்பியில் மாட்டத் தொடங்கினார். மாட்டிக்கொண்டே பேசினார். "அதுல அந்த ஆளைக் கிழி கிழின்னு கிழிச்சிருப்பான்னு நெனச்சுத்தான் படிச்சேன். சரி, வாங்கிக் கட்டிக்கலாம்னு. ஒரு எடத்துலகூடத் திட்டல. அதுதாம்மா தாங்க முடியல. ஒரு வாரம் சரியா தூங்கல."

சின்னவளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. "அத்தான், அந்த இன்னொரு பொண்ணு விஷயம்... நானா எழுதினது. உங்களைப் பத்தி அப்படி..."

"அப்படி இல்ல. ஆனா அப்படி இருந்திருந்தா சொல்றதுக்காவது ஒரு காரணம் இருந்திருக்கும்." அவர் கடைசி ஹேங்கரையும் மாட்டினார். "எனக்கு இன்னைக்கு வரைக்கும் காரணம் தெரியாது. காலையில சாவிய வச்சுட்டு வெளியில வந்தேன், கால் வீட்டுப்பக்கம் திரும்பல. அவ்வளவுதான். ஒரு கிடங்குல மூட்டை ஏத்தி இறக்கிக்கிட்டு இருந்தேன்."

அக்கா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். இத்தனை வருடத்தில் அவள் கேட்டதில்லை, அவர் சொன்னதில்லை. இன்றைக்கும் அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. மூலையில் இருந்த பிளாஸ்க்கைத் திறந்து மூன்று டம்ளரில் டீ ஊற்றினாள். அத்தானின் டம்ளரை அவர் கையில் கொடுத்தாள். தங்கையுடையதை மேசையில் வைத்தாள்.

"முழு விலைன்னா எவ்வளவு?" என்று கேட்டாள்.

"ஒரு கோட்டு டிரைகிளீனிங் பண்ற காசு."

"என்னது?" அக்கா தங்கையைப் பார்த்த பார்வையில் உண்மையான அதிர்ச்சி இருந்தது. "உனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு? உன்னை யாருக்குடி தெரியும்? அவ்வளவு குடுத்து எவன் வாங்குவான்?"

"இவ்வளவு நேரம் ஓசியில குடுத்தேன்னு திட்டினே!"

"ஓசியும் கூடாது, கொள்ளையும் கூடாது. வர்றவங்க யோசிக்காம எடுக்கணும், எடுத்தா அவங்களுக்கு ஞாபகம் இருக்கணும். அப்படி ஒரு விலை இருக்குமில்ல?"

அந்த விலை எது என்பதில் மூவருக்கும் கருத்து ஒத்துப்போகவில்லை. அக்கா ஒன்று சொன்னாள். அத்தான் அதற்கு மேலே சொன்னார். சின்னவள், தளம் தன் பங்கை எடுத்த பிறகு கைக்கு என்ன வரும் என்று விளக்கினாள். "பாதிய அவன் எடுத்துக்கறானா?" என்று அக்கா அந்தத் தளத்தை நன்றாகத் திட்டினாள். தங்கையைத் திட்ட வேண்டியதில் கொஞ்சம் அங்கே போயிற்று. கடைசியில் இரண்டு கால்சட்டை வெளுத்துத் தேய்க்கிற கூலியில் வந்து நின்றார்கள். சின்னவள் அங்கேயே போனை எடுத்து விலையை மாற்றினாள். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சரியாகப் போட்டாளா என்று எட்டிப் பார்த்தாள்.

"பையன் படிச்சிருப்பானா?" என்று கிளம்பும்போது அக்கா கேட்டாள். அதுவரை அவள் அதைத்தான் மனதில் வைத்திருந்தாள் போலிருக்கிறது.

"அவன்கிட்ட நான் பேசிக்கறேன்" என்றார் அத்தான்.

அன்று சாயங்காலமே மகனைக் கூப்பிட்டு அந்த வருடத்தைப் பற்றிச் சொல்லியும்விட்டார். மகன் "சரிப்பா" என்றானாம். அதன்பிறகு சில வாரம் அவன் அப்பாவிடம் பேசவில்லை. அம்மாவிடம் மட்டும் பேசினான். பிறகு ஒரு நாள் தானே கூப்பிட்டு, வண்டிக்கு டயர் மாற்றியாயிற்றா என்று கேட்டான். எந்தக் கடையில், என்ன விலை என்று அப்பாவும் மகனும் வெகுநேரம் பேசினார்கள். வேறு எதையும் பேசவில்லை.

மாஸ்டரிடம் சின்னவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "இத முன்னாடியே சொல்லியிருந்தா நான் போட்டிருப்பேனா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். மறுநாள் அவர் அக்காவின் கடைக்குப் போய், அழுக்கில்லாத ஒரு கோட்டைக் கொடுத்து வெளுக்கச் சொல்லிவிட்டு, "பொம்மை போட்டதுக்கு மன்னிச்சிடுங்க" என்றார். அக்கா கோட்டுக்குக் காசு வாங்கிக்கொண்டாள்.

இலவசமாக எடுத்த ஆயிரத்துச் சொச்சம் பேரில் பெரும்பாலோர் நாவலைத் திறக்கவே இல்லை. அதுவும் விற்பனைப் பக்கத்தில் தெரியும். எத்தனை பக்கம் புரட்டினார்கள் என்று காட்டும். ஆனால் ஒரு நாற்பது ஐம்பது பேர் கடைசி வரை போயிருந்தார்கள். அவர்களில் சிலர் இரண்டாம் நாவலை வாங்கினார்கள். இன்னும் சிலர் மூன்றாவதையும். புது விலையில் முதல் நாவலும் வாரத்துக்கு இரண்டு மூன்று விற்றது. வேலையை விடுகிற அளவுக்கு இல்லை. அவளுக்கும் வேலையை விடுகிற எண்ணம் இல்லை; அந்தக் கடையில் ஒரு நாளைக்கு எத்தனை முகம் பார்க்கலாம்! யாரோ ஒருவர், வெகுதூரத்தில் இருப்பவர், 'கதவைத் திறந்ததும் அவள் அழாமல் இருந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்' என்று எழுதியிருந்தார். சின்னவள் அதை அக்காவுக்கு அனுப்பினாள்.

'பாத்தியா' என்று மட்டும் பதில் வந்தது.

மின்னூலில் ஒரு வசதி உண்டு, அச்சிட்டதுபோல் அல்லாமல் எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம். ஒரு விடிகாலையில் சின்னவள் அந்த அத்தியாயத்தைத் திறந்து, அழுகிற பத்தியை எடுத்துவிட்டாள். எடுத்தபின் படித்துப் பார்த்தாள். அக்கா சொன்னதுதான் சரி.

கடை மூடும் நேரத்து அழைப்புகள் மெல்ல மெல்லத் திரும்பி வந்தன. பழைய மாதிரி முழுவதும் இல்லை. பேச்சின் நடுவில் அக்கா நிறுத்தி, "இது எழுதறதுக்கு இல்ல" என்பாள், பிறகு சொல்வாள். சில நாள், "இதை வேணும்னா எழுதிக்கோ" என்று ஒரு வாடிக்கையாளரின் கதையைக் கொடுப்பாள். பெரும்பாலும் அது எழுதத் தேறாது. சின்னவள் "சரிக்கா" என்று கேட்டுக்கொள்வாள். அத்தையின் விஷயத்தை அவள் அக்காவிடம் சொல்லவே இல்லை.

நாலாவது நாவல் பாதியில் இருந்த சமயம் அது. மழை பிடித்துக்கொண்டு, கண்ணாடிக் கடைக்கு யாரும் வராத ஒரு மாலை. போன் அடித்தது. அக்கா ஷட்டர் இறக்குகிற சத்தம் கேட்டது, பிறகு ஸ்டூலை இழுக்கிற சத்தம்.

"அன்னைக்கு உங்க அத்தான் கதவைத் தட்டினாரே" என்று ஆரம்பித்தாள் அக்கா, "சாப்பாடு ஆறிப்போகுதுன்னு சொன்னேன்னு உங்கிட்ட சொன்னேனில்ல? அப்போ வீட்டுல சாப்பாடே செய்யலடி. அவர் கை கழுவப் போனதும்தான் அடுப்பையே பத்த வச்சேன்."

எழுதலாமா கூடாதா என்று அக்கா எதுவும் சொல்லவில்லை. சின்னவளும் கேட்கவில்லை.

"என்ன செஞ்சே?" என்றாள்.

"இருந்தது ரெண்டு முட்டை" என்று அக்கா சொல்ல ஆரம்பித்தாள். சின்னவள் கவுன்ட்டரில் இருந்த பிரேம்களை ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டு, முழங்கையை ஊன்றிக்கொண்டு கேட்டாள்.